திருநங்கை டீச்சர் ஆகலாமா? கோலாலம்பூரிலிருந்து ஒரு பதில்

செந்தூல் டீச்சர்

போன வாரம் இந்தக் கருத்துக்களத்தில் ஒரு பிள்ளை கேட்டிருந்தாள்: "நான் திருநங்கை. டீச்சர் ஆகணும்னு சின்ன வயசுலேர்ந்து ஆசை. வீட்ல சொன்னா சிரிக்கிறாங்க. நடக்குற காரியமா?"

பதில் போட்டவர்களில் பாதிப் பேர் மேக்கப், தையல், கேட்டரிங் பக்கம் போகச் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், தெரியும். அந்த வேலைகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் கேட்டது அது இல்லையே. அதனால் தனி இழையாகவே எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு டியூசன் சென்டரில் மலாய்மொழியும் செஜாராவும் (வரலாறு) சொல்லித் தருகிறேன். திருநங்கை. இந்த இரண்டு பாடத்திலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். என்கிற ஐந்தாம் படிவ அரசுத் தேர்வுச் சான்றிதழே கிடையாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிற நம் பிள்ளைகள் முதலில் அடிபடுவதும் மலாயில்தான். மலாய் போதாத பிள்ளைகள் படிவம் ஒன்றுக்கு முன் ஒரு வருஷம் படிக்கும் புகுமுக வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்காத பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

இதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் "சார்" ஆக வேலை பார்த்தேன். முழுக்கைச் சட்டை, டை, ஒட்ட வெட்டிய முடி. வகுப்பறைக் கதவைத் திறக்கும் முன் தொண்டையைச் செருமி குரலைக் கனமாக்கிக்கொள்வேன். போர்டில் எழுதும்போது மணிக்கட்டு வளையாமல் பார்த்துக்கொள்வேன். யாராவது சிரித்தால் என்னைப் பார்த்தா, வேறு எதற்கோவா என்று பாடத்தின் நடுவே மனம் அங்கே ஓடிவிடும். சத்தம் இல்லாத வகுப்பு, கண்டிப்பான சார் என்று பேர். உண்மையில் அந்த வகுப்பில் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்றுகூட எனக்குத் தெரியாது. கவனம் பூராவும் என் கைமேலேயே இருந்தது.

பிறகு முடி வளர்க்க ஆரம்பித்தேன். நிர்வாகம் கூப்பிட்டு, "பெற்றோர் பேசுகிறார்கள்" என்றது. எந்தப் பெற்றோர், என்ன பேசினார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அந்தக் காலத்தில் நான் பட்டதை இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. நம்மில் பலர் அதையே பட்டவர்கள்.

சென்டருக்கு வந்தபோது சேலை கட்டிக்கொண்டு வந்தேன். நடத்துபவர் ஓர் அக்கா. என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மெ முன்னொட்டு பிள்ளைகளுக்கு ஏறவே மாட்டேங்குது, உங்களால ஏத்த முடியுமா?"

மலாய் படித்தவர்களுக்குத் தெரியும். 'கிரா' மெங்ஙிரா ஆகும், 'போத்தோங்' மெமோத்தோங் ஆகும், 'சாப்பு' மெஞாப்பு ஆகும், 'தூலிஸ்' மெனூலிஸ் ஆகும். க, ப, ச, த நான்கும் முன்னொட்டு வந்ததும் விழுந்துவிடும். இதை விதியாக எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சையில் மறப்பார்கள். நான் கை தட்டச் சொன்னேன். விழும் எழுத்துக்கு ஒரு தட்டு, வருகிற மூக்கொலிக்கு ஒரு தட்டு. முதல் மாதமே வகுப்பு பஜனை மடம் மாதிரி ஆகிவிட்டது. கடைசி வரிசைப் பையன் ஒருத்தன், எழுதச் சொன்னால் கையே எடுக்காதவன், "டீச்சர், 'பாக்கை' மெமாக்கை ஆகுமா?" என்று தானாகக் கேட்டான். மெமாக்கைதான். அவன் கண்டுபிடித்துவிட்டான்.

அந்த நேரம் என் மணிக்கட்டு எப்படி வளைந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவே இல்லை.

இதைத்தான் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வந்தேன். முதலில் உன்னை நீ முழுசாக ஏற்றுக்கொள், அப்புறம் வேலைக்குப் போ என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு வரிசை அப்படி வரவில்லை. பாடம் நடத்த நடத்தத்தான் என்மேல் எனக்கிருந்த அருவருப்பு போனது. ஒரு பிள்ளைக்குப் புரிகிற இடத்தில் நான் எனக்கே பகையாக இருக்க முடியவில்லை.

பிறை அப்பா

வணக்கம் டீச்சர். பினாங்கு பெருநிலத்திலிருந்து எழுதுகிறேன். மகள் படிவம் மூன்று. மனசில் இருப்பதை மறைக்காமல் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு உங்கள்மேல் வெறுப்பு இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும்போது உங்களைப் போன்றவர்கள் காவடிக்கு முன்னால் ஆடி வருவார்கள், கும்பிட்டுவிட்டுத்தான் போவேன். ஆனால் என் மகள் தினமும் உங்கள் முன் உட்காரும்போது அவள் மனசில் என்ன ஓடும்? அந்த வயசில் பிள்ளைகள் பார்ப்பதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயமாக இருக்கிறது. நீங்கள் யார் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்கிறீர்களா?

செந்தூல் டீச்சர்

@பிறை அப்பா, நேராகக் கேட்டதற்கு நன்றி அண்ணா. முதுகுக்குப் பின்னால் பேசுபவர்களுக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியாமல் போயிருக்கிறது.

பார்த்துப் பிடித்துக்கொள்வது உண்மையானால் நான் ஆணாகத்தான் வளர்ந்திருக்க வேண்டும். என் அப்பா லோரி ஓட்டுநர், மாமாக்கள் கபடி வீரர்கள், தமிழ்ப்பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் மீசை வைத்த சார்மார்கள். சுற்றிலும் ஆண்களைப் பார்த்தே வளர்ந்தேன். நான் நானாகத்தான் வந்தேன்.

பெற்றோரிடம் சொல்வதைப் பற்றி: வகுப்பில் சேர்க்க வரும் அம்மா அப்பாவை நானே பார்த்துப் பேசுவேன். மறைத்ததில்லை, மேடை போட்டு அறிவித்ததும் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர்களுக்கே தெரியும். பிள்ளையின் பழைய பரீட்சைத் தாளைக் கொண்டுவரச் சொல்லி எங்கே மார்க் போகிறது என்று அவர்கள் முன்னாலேயே சிவப்புப் பேனாவில் குறித்துக் காட்டுவேன். சிலர் அன்றோடு வரமாட்டார்கள். வலிக்கும். தங்கிவிட்ட பெற்றோர் தங்கள் தம்பி பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று கூட்டி வருவார்கள்.

வகுப்பில் என் உடம்பைப் பற்றிப் பாடம் நடத்துவதில்லை அண்ணா. மலாக்கா சுல்தான்கள் முடிந்து பிரிட்டிஷ்காரன் வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. ஒரு சின்னப் பையன் மட்டும் கேட்டான், "நீங்க முன்னாடி சாரா இருந்தீங்களா?" என்று. "ஆமாம், இப்போ டீச்சர்" என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுக் கட்டுரையை நீட்டினான். நான்தான் அன்றைக்குத் தூங்கவில்லை, அவன் நன்றாகத் தூங்கியிருப்பான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்த அம்மாவின் எழுத்தைப் படித்ததும் மகிழ்ச்சியடைந்தேன். எனினும் கேள்வி கேட்ட இளையவருக்கு அரசாங்கப் பள்ளி வழியைப் பற்றி மறைக்காமல் சொல்லவேண்டியது என் கடமை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வர வழக்கமான வழி ஆசிரியர் பயிற்சிக் கழகம். நாடு முழுவதும் 27 வளாகங்கள். பினாங்கில் புக்கிட் கூம்பேயில் ஒன்று. விண்ணப்பம், நேர்முகத்தேர்வு, விடுதி, பயிற்சிப் பள்ளி, பிறகு நியமனம். ஒவ்வொரு படியிலும் அடையாள அட்டையில் உள்ள பாலினத்தின்படியே எல்லாம் நடக்கும். விடுதி ஆண், பெண் எனப் பிரிந்தே இருக்கும். பெண்ணாக வாழும் ஒருவர் அடையாள அட்டையில் ஆண் என்று இருந்தால் பயிற்சிக் காலம் முழுதும் ஆண் விடுதியில், ஆண் உடையில் இருக்க நேரிடும். அதைத் தாங்கிக்கொண்டு முடித்தவர்கள் இருக்கக்கூடும். அதன் விலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

என் அனுபவத்தில் மென்மையான நடையுள்ள ஆண் ஆசிரியர்கள் சிலர் இருந்தார்கள். பாலர் வகுப்பையும் முதலாம் ஆண்டையும் அவர்களிடம் கொடுத்தால் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள். ஆசிரியர் அறையில் மட்டும் அவர்கள் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கிண்டல் செய்தவர்கள் மாணவர்கள் அல்லர், சக ஆசிரியர்கள். இதை நான் நேரில் கண்டவன்.

சட்டம் படித்தவன் கே.எல்.

தலைமையாசிரியர் சொன்ன அந்த ஐ.சி. (அடையாள அட்டை) விஷயம்தான் வேர். நம் ஐ.சி. எண் 12 இலக்கம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பேரை மாற்றினாலும் அந்த இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளி, வங்கி, ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பேசியதில்லை. 2005ல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒரு திருநங்கையின் ஐ.சி.யில் பாலினத்தை மாற்ற உத்தரவிட்டது. 2016ல் அதே உயர் நீதிமன்றம் ஒரு திருநம்பிக்கும் அப்படியே தீர்ப்புச் சொன்னது. 2017 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இரண்டாவது தீர்ப்பைத் தள்ளிவிட்டது. பாலின மாற்றத்தை அங்கீகரிக்கும் தனிச் சட்டம் இந்த நாட்டில் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். ஆண் பெண்ணுடை அணிவது குற்றம் என்பது மாநில ஷரியா சட்டங்களில் உள்ளது, முஸ்லிம்களுக்கு மட்டும் பொருந்தும். நெகிரி செம்பிலான் வழக்கில் 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2015 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வழக்கு தொடுத்த முறை சரியில்லை என்று சொல்லி அதை ரத்து செய்தது. முஸ்லிம் அல்லாத நம்மவர்கள்மேல் அந்தச் சட்டம் பாயாது. ஆனால் 1955ஆம் ஆண்டு சிறு குற்றச் சட்டத்தில் அநாகரிக நடத்தை என்றொரு பிரிவு இருக்கிறது, அதைத் திருநங்கைகள்மேல் போடுவது உண்டு. சேலை கட்டிக்கொண்டு பாடம் நடத்துவது அதில் வராது. பயப்பட வேண்டாம்.

வேலை விஷயத்தில், அரசியலமைப்பின் 8ஆம் பிரிவில் 2001ல் பாலினம் என்ற சொல் சேர்க்கப்பட்டது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது. தனியார் இடத்தில் வேலை பார்ப்பவர் பாகுபாடு என்று தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கும் வழி 2023 ஜனவரி 1 முதல்தான் வேலைச் சட்டத்தில் வந்தது. டீச்சருக்கு அந்தப் பள்ளியில் நடந்தபோது அதுவும் இல்லை.

உள்ளதைச் சொல்கிறேன்

எல்லாரும் ஆஹா ஓஹோ என்கிறீர்கள். ஒருவர் எப்படி வாழவேண்டும் என்பது அவர் விருப்பம். பள்ளி பொது இடம். அங்கே பிள்ளைகளுக்குக் குழப்பம் வேண்டாம். தமிழ்ச் சமுதாயம் இங்கே ஏற்கெனவே பின்தங்கிக் கிடக்கிறது. நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்யாதீர்கள். ஒதுங்கியிருந்து உதவி செய்யுங்கள், மதிப்போம்.

பட்டர்வொர்த் அம்மா

@உள்ளதைச் சொல்கிறேன், பள்ளியில் இப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால் குழப்பம் இல்லை என்று நினைக்கிறீர்கள். 2017 ஜூனில் எங்கள் பினாங்கில் 18 வயதுத் தமிழ்ப் பையன் ஒருவனை அடித்துக் கொன்றார்கள். பெண் மாதிரி இருக்கிறான் என்று அவனைப் பள்ளி நாளிலிருந்தே கேலி செய்து வந்ததாகத்தான் அப்போது செய்திகளில் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து போனான். படித்துப் பெரிய ஆளாக வரவேண்டும் என்றிருந்த பிள்ளை. அவன் திருநங்கை என்று நான் சொல்லவரவில்லை, அது எனக்குத் தெரியாது. மென்மையாக இருந்தான், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

அவன் படித்த வகுப்பறையில் செந்தூல் டீச்சர் மாதிரி ஒருவர் நின்று பாடம் நடத்தியிருந்தால், கேலி செய்த பிள்ளைகள் அவரிடம் மார்க் வாங்கியிருப்பார்கள், அடி வாங்காமல் திட்டு வாங்கியிருப்பார்கள், "டீச்சர்" என்று கூப்பிட்டிருப்பார்கள். அவனைப் பார்க்கும்போது டீச்சர் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், மெதுவாகப் பேசுகிற பிள்ளை. அன்றைக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வரச் சற்று நேரமானாலும் வாசலில் நிற்கிறேன். ஒதுங்கியிருக்கச் சொல்லாதீர்கள் ஐயா.

முன்னாள் மாணவன்

நான் டீச்சர்கிட்ட படிச்சவன். பேரு வேணாம், அவங்களுக்கே தெரியும். "மெமாக்கை" பையன் நான் இல்ல, ஆனா நானும் கடைசி வரிசைதான்.

உண்மையைச் சொல்றேன், முதல் வாரம் நாங்க சிரிச்சோம். வெளியே மாமாக் கடையில உக்காந்து அவங்க நடையைப் போலச் செஞ்சு காட்டினோம். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு நாள் கட்டுரைத் தாளைத் திருப்பிக் கொடுத்தாங்க. என் தாள்ல தப்பு மட்டும் குறிக்கல. ஒரு வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டு, "இந்த வாக்கியம் நல்லாயிருக்கு, இன்னும் ரெண்டு இப்படி எழுது"ன்னு தமிழ்ல எழுதியிருந்தாங்க. அதுவரைக்கும் மலாய்த் தாள்ல எனக்கு நல்லாயிருக்குன்னு யாரும் எழுதினதில்ல. சிரிப்பு தானா நின்னுடுச்சு. யாரும் நிறுத்தச் சொல்லல.

எஸ்.பி.எம். மலாய்ல பி பிளஸ். இப்ப பாலிடெக்னிக்ல இருக்கேன்.

செந்தூல் டீச்சர்

தம்பி, தெரியும். சிரித்ததும் தெரியும், நின்றதும் தெரியும்.

@உள்ளதைச் சொல்கிறேன், சமுதாயம் பின்தங்கியிருக்கிறது என்கிற வருத்தம் எனக்கும் உண்டு. அந்த வருத்தத்தில்தான் இந்த வேலைக்கு வந்தேன். மலாயில் தேறாமல் சான்றிதழ் இல்லாமல் நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தர ஆள் போதவில்லை. சொல்லித் தரத் தெரிந்த ஒருத்தியை ஒதுங்கச் சொல்லி யாருக்கு லாபம்?

இந்தியாவைப் பார்த்து இங்கே சிலர் ஏங்குகிறீர்கள். தமிழ்நாட்டில் 2008லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்தது, உண்மை. 2014ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது, அதுவும் உண்மை. 2015ல் மேற்கு வங்காளத்தில் திருநங்கையான மானபி பந்தோபாத்யாய் கிருஷ்ணநகர் மகளிர் கல்லூரிக்கு முதல்வரானபோது நான் அந்தச் செய்தித்தாள் படத்தை வெட்டி பர்சில் வைத்திருந்தேன். அடுத்த ஆண்டே ஆசிரியர்களும் மாணவிகளும் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி அவர் ராஜினாமா கடிதம் கொடுத்தார் என்று படித்தபோது மனசு விட்டுப்போனது. உத்தரப்பிரதேசத்திலும் குஜராத்திலும் இரண்டு தனியார் பள்ளிகளில் அடுத்தடுத்து வேலை இழந்த ஒரு திருநங்கை ஆசிரியை உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 அக்டோபரில் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சட்டம் இருக்கிற ஊரிலும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சட்டம் இருந்ததால்தான் அவரால் கேட்க முடிந்தது. நமக்கு அது இல்லை. அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கவேண்டும்.

இங்கே 2018ல் ஜார்ஜ்டவுன் விழாக் கண்காட்சியிலிருந்து, திருநங்கைகள் உரிமைக்காகப் போராடும் நிஷா அயூப்பின் படத்தையே எடுக்க வைத்தார்கள். 2016ல் அமெரிக்க அரசு துணிச்சலான பெண் என்று விருது கொடுத்தவர் அவர். சுவரில் ஒரு படத்துக்கே இடம் இல்லாத நாட்டில் நாம் கரும்பலகை முன்னால் நிற்கக் கேட்கிறோம். அப்படியும் நிற்கிறோம்.

மல்லி

கேள்வி கேட்டது நான்தான் அக்கா. எல்லாத்தையும் படிச்சேன், ரெண்டு தடவை படிச்சேன். தலைமையாசிரியர் ஐயா சொன்ன விடுதி விஷயம்தான் என் பயமே. எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடிச்சிட்டேன். வீட்ல இன்னும் முடியை வெட்டச் சொல்லித்தான் சண்டை. பயிற்சிக் கழகத்துக்கு விண்ணப்பிக்கவா வேணாமா? அக்கா மாதிரி "சார்" ஆ இருந்து பார்த்துட்டு அப்புறம் மாறலாமா?

செந்தூல் டீச்சர்

மல்லி, விண்ணப்பிக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இடம் கிடைத்து, உன்னால் அந்த வருஷங்களைத் தாங்க முடியும் என்று நீ நினைத்தால் போ. எங்களில் யாராவது ஒருத்தி அரசாங்கப் பள்ளியில் இருந்தால் எனக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. ஆனால் "சார் ஆக இருந்து பார்க்கலாம்" என்கிறாயே, அதை நான் உனக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த வருஷங்களில் நான் நல்ல டீச்சராக இல்லை. என்னைக் காவல் காக்கவே என் நேரம் போனது.

தனியாகத் தூக்கிச் சுமக்காதே. சௌகிட்டில் பி.டி. பவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு 1987லிருந்து இருக்கிறது. சீட் என்று 2014ல் நிஷா தொடங்கிய அமைப்பு, நம்மவர்களே நடத்துவது. போய் உட்கார்ந்து பேசு. வீட்டுச் சண்டை உடனே தீராது, ஆனால் சண்டை முடிந்து போய் உட்கார ஓர் இடம் வேண்டும்.

பிறை அப்பா

டீச்சர், என் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். பட்டர்வொர்த் அம்மா எழுதியதையும் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பையன் செய்தி வந்தபோது நாங்கள் இருவரும் டி.வி. முன்னால் அழுதவர்கள். எனக்கு இன்னும் முழுசாகத் தெளிவு வரவில்லை, வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மகளுக்கு மலாய் கட்டுரைதான் இழுக்கிறது. ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறீர்களா?

செந்தூல் டீச்சர்

எடுக்கிறேன் அண்ணா. அவளுடைய கடைசிக் கட்டுரைத் தாளைப் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து ஒரு வகுப்பு பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

சென்டர் அக்கா

டீச்சர் சொன்ன சென்டரை நடத்துவது நான்தான். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், மல்லி பிள்ளைக்காக எழுதுகிறேன்.

1996ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி டியூசன் சென்டரும் பதிவு செய்யவேண்டும், சொல்லித் தருபவரும் பதிவோ போதனைப் பெர்மிட்டோ வைத்திருக்க வேண்டும். ஐ.சி.யில் உள்ள பேரில்தான் விண்ணப்பம் போகும், அதில் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. வகுப்பறைக் கதவில் எந்தப் பேரை ஒட்டுவது என்பது என் கையில் இருக்கிறது. டீச்சருக்கு அப்படித்தான் ஒட்டினேன். ஒரு பெற்றோர் அந்தத் தாளைக் கிழித்தார், மறுநாள் லேமினேட் செய்து ஒட்டினேன்.

மல்லி, உனக்கு எந்தப் பாடம் வரும்?

மல்லி

கணக்கு அக்கா. எஸ்.டி.பி.எம்.ல மேத்தமேட்டிக்ஸ் (T)ங்கிற பாடம் எடுத்தேன்.

சென்டர் அக்கா

படிவம் ஒன்று, இரண்டு கணக்குக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறோம். சான்றிதழ் நகலோடு சனிக்கிழமை பத்து மணிக்கு வா. பெர்மிட் வரும்வரை டீச்சர் வகுப்பில் உட்கார்ந்து பார். பின்னங்களை நீ எப்படிச் சொல்லித் தருவாய் என்று யோசித்துக்கொண்டு வா, அதைத்தான் கேட்பேன்.